கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்த பந்து

ரொவீனா ரைலி எங்கள் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். காலை ஏழு பத்துக்கு ஆற்றுப் பாலத்தடியிலிருந்து வண்டி கிளம்பும். ஏழு பதினொன்றுக்கு ஓடிவருகிற பிள்ளைக்கு அன்று நடைதான். மறுநாள் அந்தப் பிள்ளை ஏழு மணிக்கே வந்து நிற்கும். அவளுக்கு வயது முப்பத்தொன்பது. கணவன் மேற்கே சுரங்க வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. நான் பேச ஆரம்பித்தால் இந்தக் கதை அதோடு முடிந்துவிடும், அதனால் விடுகிறேன்.

நான் லொரெய்ன், அவளுடைய பெரியம்மா மகள். சனிக்கிழமைகளில் எங்கள் ஊரான மெரிவிண்டியின் பெண்கள் ரக்பி அணிக்குத் தண்ணீர் தூக்குவது, கணுக்காலுக்குப் பட்டை சுற்றுவது, அழுகிறவளைத் திட்டி உள்ளே அனுப்புவது எல்லாம் என் வேலை. இருபத்திரண்டு வருடமாக ரொவீனாவின் இடது கணுக்கால் என் பொறுப்பில் இருக்கிறது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அவள் காலைப் பற்றி என்னென்னவோ கதை சொல்வார்கள். அது சாதாரணக் கால்தான். கொஞ்சம் வீங்கும்.

பெண்கள் ஆட்டத்தில் ஆளைக் கட்டிப்பிடித்துத் தள்ளுவது கிடையாது. அரைக்கால் சட்டையின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் துணிப் பட்டையில் ஒன்றைப் பிய்த்துவிட்டால், பந்தோடு ஓடுகிறவள் நிற்க வேண்டும். ரொவீனாவின் பட்டையைப் பிய்க்க வந்தவர்கள் பெரும்பாலும் காற்றைத்தான் பிய்த்திருக்கிறார்கள். பத்தொன்பது வயதில் சிட்னியிலிருந்து ஒரு பெரிய அணி அவளைக் கூப்பிட்டது. போனாள், ஐந்து வாரத்தில் திரும்பி வந்தாள். வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று ஊர் சொன்னது. எங்கள் ஆட்கள் எங்கிருந்து திரும்பி வந்தாலும் ஊர் அதைத்தான் சொல்லும். எனக்கு மட்டும் அவள் உண்மையைச் சொன்னாள்.

"அவங்க நம்மளப் பத்தி ஜோக் சொல்வாங்கக்கா. நானும் சேர்ந்து சிரிக்கணுமாம், அப்பத்தான் அணியில ஒருத்தியாம். அஞ்சு வாரம் சிரிச்சேன். அதுக்கு மேல வாய் வலிச்சுது."

ஊர் ஆட்டங்களிலும் இந்தச் சங்கதி இல்லாமல் இல்லை. நாங்கள் விராஜுரி ஆட்கள், ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகள். லாக்லன் ஆற்றங்கரையில் எங்களுக்கு முன்னால் இருந்தவை மரங்களும் மீன்களும்தான். ஆனாலும் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற எவனோ ஒருவன் எங்களைப் பார்த்து ஏதாவது கத்துவான். கேட்காத மாதிரி ஓடு என்பதுதான் எங்கள் அணியின் பழைய விதி. என் அம்மா எனக்குச் சொன்னாள். நான் இளசுகளுக்குச் சொன்னேன். ரொவீனாவுக்கும் நான்தான் சொன்னேன். அதில் எனக்குப் பெருமை இல்லை.

அந்த வருடம் அரையிறுதி பக்கத்து ஊரான ஆல்டர் கிரீக்கில், அவர்கள் மைதானத்தில். அதுதான் தன் கடைசிப் பருவம் என்று ரொவீனா முன்பே சொல்லிவிட்டாள். இத்தனை வருடத்தில் மெரிவிண்டி ஒரு இறுதி ஆட்டம்கூட ஆடியதில்லை. ஒரே ஒரு தடவை ஆடிவிட்டு விட்டுவிடுகிறேன் என்றாள். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. நாங்கள் எட்டுப் புள்ளி முன்னால் இருந்தோம். ரொவீனா ஓரமாகப் பந்தை வாங்கிக் கிளம்பினாள். எதிரணியில் ஒருத்தி துரத்தி, பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்தால் இன்னும் நான்கு புள்ளி. முன்னால் யாரும் இல்லை, பின்னாலும் இல்லை.

அப்போதுதான் வேலியிலிருந்து அந்தச் சொல் வந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். சின்னச் சொல், எங்கள் தாத்தா காலத்துச் சொல். மைதானம் முழுவதற்கும் கேட்டது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

ரொவீனா நின்றாள். கோட்டுக்கு இரண்டு அடி இந்தப் பக்கம் குனிந்து, முட்டையை வைப்பது மாதிரி பந்தைப் புல்லில் வைத்தாள். பிறகு வேலியை நோக்கி நடந்தாள். நடுவர் விசில் ஊதினார், அவள் திரும்பவில்லை. நான் தண்ணீர்ப் புட்டிகளைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

வேலியில் சாய்ந்து நின்றவன் மிட்ச் ஹாலரன். இருபத்துநான்கு வயது, தானியக் கிடங்கில் வேலை, ஆல்டர் கிரீக் ஆண்கள் அணியில் ஆடுகிறவன். கையில் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம். அவனைக் கெட்டவன் என்று அந்த ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். வயதான பெண்களின் வண்டி நின்றுபோனால் தள்ளிவிடுகிற ரகம்.

"இன்னொரு தடவ சொல்லு," என்றாள் ரொவீனா. "ஓடும்போது சரியாக் கேக்கல."

"நான் ஒண்ணும் சொல்லல."

"நீதான் சொன்ன. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவன் வறுவலைப் பார்த்தான். சிரித்தவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்கள். ரொவீனா எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது, எனக்கு ஒரு மணி நேரம் மாதிரி இருந்தது. பிறகு நடுவரிடம்கூடச் சொல்லாமல் உடை மாற்றும் அறைக்குப் போய்விட்டாள். மிச்ச ஆட்டத்தை அவள் இல்லாமலே ஆடி, இரண்டு புள்ளியில் ஜெயித்தோம். இரண்டு வாரம் கழித்து இறுதி ஆட்டம், அதே மைதானத்தில், அதே ஆல்டர் கிரீக்கோடு. எங்கள் வட்டாரத்தில் அரையிறுதியில் தோற்ற முதலிடத்து அணிக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. அவர்கள் அதில் ஜெயித்து வந்துவிட்டார்கள்.

இருபது வருடம் கேட்காத மாதிரி ஓடியவள் அன்று மட்டும் ஏன் நின்றாள் என்று கேட்டேன்.

"தெரியலக்கா. பக்கத்துல யாரும் இல்ல. மூச்சும் வாங்கல. காது சும்மா இருந்துச்சு."

மிட்ச் ஹாலரனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. அவன் எங்கள் ஐவியின் பேரன்.

ஐவி, ரொவீனாவின் தாத்தா ஆர்ச்சுக்குக் கூடப்பிறந்த தங்கை. அந்தக் காலத்தில் அரசாங்கம் எங்கள் ஆட்களுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தது. அதை வாங்கினால் நீ கருப்பு இல்லை என்று கணக்கு. ஊருக்குள் வீடு பிடிக்கலாம், மதுக்கடைக்குள் போகலாம், நலத்துறை வண்டி வந்து உன் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகாது. பதிலுக்கு நீ சொந்தபந்தத்தோடு ஒட்டக் கூடாது. மிஷன் நிலத்தில், அதாவது எங்களை ஒதுக்கிவைத்த இடத்தில், கால் வைத்தால் சான்றிதழ் போய்விடும். நாய்க்கு மாட்டுகிற வில்லை என்றுதான் எங்கள் ஆட்கள் அதைச் சொல்வார்கள். ஐவிக்கு ஒரு குழந்தை முன்பே பறிபோயிருந்தது. இன்னொன்றைக் கொடுக்க அவள் தயாராக இல்லை. வில்லையை வாங்கினாள், ஹாலரன் என்ற ரயில்பாதைத் தொழிலாளியைக் கட்டிக்கொண்டு ஆல்டர் கிரீக் போனாள். நிறத்தைப் பற்றிக் கேட்டவர்களிடம், மால்டா தீவிலிருந்து வந்த குடும்பம் என்று சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் புது ஆளைப் பார்த்தால் முதலில் பெயரைக் கேட்க மாட்டோம். நீ யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் கேட்போம். இரண்டு பெயர் சொன்னால் போதும், என்ன முறை என்று கண்டுபிடித்துவிடுவோம். ஹாலரன் வீட்டு ஆட்களிடம் மட்டும் அந்தக் கேள்வி கிடையாது. கடைத்தெருவில் ஐவி எதிரே வந்தால், ஆர்ச் தாத்தா தலையைக் குனிந்துகொண்டு சாலையின் மறுபக்கம் போய்விடுவார். கோபத்தில் இல்லை. பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தால் தங்கையின் பிள்ளைகளுக்கு ஆபத்து. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பழகினோம். ஐவியைப் பார்க்காமல் இருப்பதுதான் நாங்கள் ஐவிக்குக் கொடுத்த மரியாதை.

ஆர்ச் தாத்தாவை அடக்கம் செய்த அன்று, மிஷன் கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியே ஒரு பச்சைக் கார் எஞ்சினை அணைக்காமல் நின்றது. எனக்குப் பதினைந்து வயது. திரும்பிப் பார்த்தேன். அம்மா என் தாடையைப் பிடித்து முகத்தைக் குழியின் பக்கம் திருப்பினாள். அந்தச் சட்டம் ஒழிந்து அப்போது பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பழக்கம் ஒழியவில்லை. ஐவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள், மால்டா கதையோடேயே.

போட்டிச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சமரசம் பேசுவார்களாம். புதன்கிழமை, சங்க அலுவலகத்தில். துணைக்கு ஒரு ஆள் வரலாம். நான் போனேன்.

சங்கச் செயலாளர் பெனிங்டன் மேஜையில் பிஸ்கட் வைத்திருந்தார். பிஸ்கட் வைத்துவிட்டாலே பாதி சமரசம் ஆகிவிட்டது என்று நினைக்கிற மனிதர். மிட்ச் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தான், பக்கத்தில் அவன் பயிற்சியாளர். மிட்ச்சின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். ஆர்ச் தாத்தாவின் புருவம், அதே மேல்நோக்கிய வலது முனையோடு.

"சாரி," என்றான் மிட்ச். "ஆட்டச் சூட்டுல வந்துருச்சு. நான் அந்த மாதிரி ஆள் இல்ல."

"நல்லது," என்றார் பெனிங்டன். "ரொவீனாம்மா, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டா விஷயம் முடிஞ்சுது. இந்த ரூம்ல பேசினது இந்த ரூமோட போயிரும். ரெண்டு பேருமே வெளிய பேசக் கூடாது."

"அவர் சொன்னது இந்த ரூம்ல இல்லையே," என்றாள் ரொவீனா. "மைதானத்துல முந்நூறு பேருக்கு முன்னால சொன்னார். சாரிய மட்டும் நாலு சுவத்துக்குள்ள வச்சுக்கச் சொல்றீங்க."

"அதுதாம்மா நடைமுறை."

"எனக்கு ஒண்ணுதான் வேணும். எங்க நின்னு சொன்னாரோ, அங்க நின்னு, அத்தன பேருக்கும் கேக்கற மாதிரி சாரி சொல்லட்டும். வேற தண்டனையே வேணாம்."

பயிற்சியாளர் நாற்காலியை நகர்த்தினார். "பையன ஊரு முன்னால அவமானப்படுத்தணும், அதானே?"

"அவமானம்னா என்னன்னு எங்கிட்டக் கேட்டுட்டு வந்திருக்கலாம்."

பெனிங்டன் இன்னொரு காகிதத்தை மெதுவாக முன்னால் தள்ளினார். நடுவர் அனுமதி இல்லாமல் ஆட்டத்தை விட்டுப் போனதற்கு ரொவீனா மேல் ஒரு குற்றச்சாட்டு. சமரசத்தில் கையெழுத்துப் போட்டால் இதைக் கிழித்துவிடுவார்கள். போடாவிட்டால், விசாரணை முடிகிறவரை ஆடக் கூடாது. விசாரணை அடுத்த மாதம். இறுதி ஆட்டம் சனிக்கிழமை.

எனக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். தம்பி, உன் பாட்டி மால்டா இல்லை, எங்கள் மிஷன், நீ சொன்ன சொல் உன் நெற்றியிலும் எழுதியிருக்கிறது. அதோடு அவன் சீட்டு கிழிந்துவிடும். பயிற்சியாளரும் அங்கே உட்கார்ந்து கேட்பார். நான் வாயைத் திறந்தேன்.

"மிட்ச், உங்க பாட்டி..."

மேஜைக்கு அடியில் என் முழங்காலுக்குக் கீழே ஒரு உதை விழுந்தது. இருபத்திரண்டு வருடம் நான் பட்டை சுற்றிய அதே கால்.

"அக்காவுக்குத் தண்ணி வேணுமாம்," என்றாள் ரொவீனா. பிறகு பேனாவை மூடி, காகிதத்தின் மேல் நேராக வைத்தாள். "நான் போடல."

காரில் பத்து மைல்தான் பொறுத்தேன்.

"உனக்கு என்ன பைத்தியமாடி? கையில வச்சுக்கிட்டுச் சும்மா வந்துட்ட. அவன நாறடிச்சிருக்கலாம்."

"ஐவிப் பாட்டி சாகற வரைக்கும் காப்பாத்தி வச்சத, ஒருத்தன நாறடிக்கறதுக்கா எடுக்கணும்? அது என்ன, வேலியில கெடக்கற கல்லா?"

"அப்ப இறுதி ஆட்டம்?"

அவள் பாதையைப் பார்த்து ஓட்டினாள். கொஞ்ச தூரம் போன பிறகு அவள் கன்னம் நனைந்திருப்பதைப் பார்த்தேன். ரொவீனா அழுது நான் பார்த்தது அதுதான் இரண்டாவது தடவை. முதல் தடவை சிட்னியிலிருந்து வந்த அன்று.

சனிக்கிழமை அவள் என்னோடு தண்ணீர் தூக்கினாள். காலில் பட்டை இல்லை. கை சும்மா இருக்க முடியாமல் மற்றப் பெண்கள் எல்லோருக்கும் நானே இரண்டு சுற்று அதிகம் சுற்றிவிட்டேன். ஒருத்தி ரத்தம் ஓடவில்லை என்று சொல்ல, அவிழ்த்து மறுபடி சுற்ற வேண்டியதாயிற்று. நான்கு புள்ளியில் தோற்றோம். கடைசி நிமிடத்தில் ஓரத்தில் பந்து வந்தது, இடம் காலியாக இருந்தது, ஓட ஆள் இல்லை. ரொவீனா எல்லைக் கோட்டுக்கு வெளியே புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எங்களைத் தவிர இன்னும் ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அடுத்தது ஆண்கள் இறுதி ஆட்டம். நடுவில் அரை மணி நேரம். நாங்கள் கான்டீன் பக்கம் உட்கார்ந்து ரொட்டியில் சாஸேஜும் வெங்காயமும் வைத்துத் தின்றுகொண்டிருந்தோம். மிட்ச் ஆட்ட உடையில் வந்தான்.

"நீங்க ஆடுவீங்கன்னு நெனச்சேன்," என்றான்.

"ஆட விடல."

"எனக்கு ஒண்ணும் ஆகல. நான் ஆடறேன்."

"தெரியும்."

அவன் இன்னும் கொஞ்சம் நின்றான். "சாரி," என்றான்.

"எனக்குக் கேட்டுச்சு. புதன்கிழமையும் கேட்டுச்சு." ரொவீனா வேலியைக் கையால் காட்டினாள். "அங்க இருக்கவங்களுக்குத்தான் கேக்கல."

அவன் போய்விட்டான். ஆல்டர் கிரீக்கில் அறிவிப்பாளருக்கு ஒரு மரக்கூண்டு உண்டு. அதிலிருந்து அப்போது ஒரு தட்டு இறைச்சியைப் பரிசாக வைத்த சீட்டுக் குலுக்கல் நடந்துகொண்டிருந்தது. பச்சைச் சீட்டு நாற்பத்தாறு, பச்சைச் சீட்டு நாற்பத்தாறு யார் என்று மூன்று தடவை கேட்டது. பிறகு மைக்கில் கரகரவென்று ஒரு சத்தம், யாரோ வேண்டாம் என்பதும் கேட்டது.

"நான் மிட்ச் ஹாலரன்." குரல் சின்னதாக இருந்தது. "அரையிறுதியில அந்த வேலிகிட்ட நின்னு ரொவீனா ரைலியப் பாத்து ஒரு வார்த்த கத்தினேன். நான்தான் கத்தினேன். ஆட்டச் சூடு எல்லாம் இல்ல, நான் ஆடவே இல்ல, சிப்ஸ் தின்னுக்கிட்டிருந்தேன். சிரிப்பாங்கன்னு சொன்னேன். அதனால அவங்க இன்னிக்கு ஆடல. தப்பு எம்மேல. சாரி."

கூட்டத்தில் ஒருவன், "ஆட்டத்தப் போடுங்கப்பா," என்றான். எங்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம் கைத்தட்டல், அவர்கள் பக்கத்தில் ஒரு கிழவி மட்டும் தட்டினாள். பயிற்சியாளர் மிட்ச்சை முதல் பாதியில் உட்காரவைத்துவிட்டார். பச்சைச் சீட்டு நாற்பத்தாறு கடைசிவரை வரவில்லை.

ஆட்டம் முடிந்து அவன் தனியாக வண்டியில் பையைப் போட்டுக்கொண்டிருந்தபோது ரொவீனா அவனிடம் போனாள். நான் பக்கத்திலேயே நின்றேன். எனக்கு ஒட்டுக்கேட்கக் கூச்சம் கிடையாது.

"நாளைக்குக் காலையில வேலை இருக்கா?"

"இல்ல. ஏன்?"

"மெரிவிண்டி பாலத்துக்கு வா. ஏழு பத்து. நான் காத்திருக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கே அவன் நின்றான். ரொவீனா காரை ஆற்றங்கரைப் பாதையில் ஓட்டிப் போய், மிஷன் கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியே நிறுத்தினாள். எனக்கு அந்த இடம் தெரியும். எஞ்சினை அணைத்துவிட்டு, ஐவியைப் பற்றி எல்லாம் சொன்னாள். வில்லை, பறிபோன குழந்தை, சாலையைக் கடந்து போகிற அண்ணன், பச்சைக் கார். குரலை ஏற்றவில்லை, இறக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பாதை என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

மிட்ச் முன்கண்ணாடி வழியே வாசலைப் பார்த்தான்.

"அந்தக் கார நான் போட்டோவுல பாத்திருக்கேன்," என்றான். பிறகு, "புதன்கிழமையே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே. நம்ம சொந்தம்னு தெரிஞ்சிருந்தா அந்த எடத்துலயே மன்னிப்புக் கேட்டிருப்பேனே."

"அதனாலதான் சொல்லல," என்றாள் ரொவீனா.

சொந்தக்காரிக்குக் கேட்கிற மன்னிப்பு அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. சொந்தமே இல்லாத ஒரு கருப்புப் பெண்ணிடம் அவன் கேட்க வேண்டும் என்று காத்திருந்தாள். அதற்காகத்தான் தன் ஒரே இறுதி ஆட்டத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். பின்சீட்டில் இருந்த எனக்கு அது அப்போதுதான் புரிந்தது. கேட்காத மாதிரி ஓடச் சொல்லிக் கொடுத்தவள் நான். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் குனிந்து அவன் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

"உங்க பாட்டி இதுவரைக்கும் வந்தாங்க. ஆர்ச் தாத்தா உள்ள மூணாவது வரிசை. மிச்சத்த நீ நட."